52-ஆம் பிரிவு



ஆஸ்திரேலிய நாட்டுச் சட்டப் புத்தகத்தில் 1974 முதல் 2010 முடிய இடம்பெற்றிருந்த ஒரு சிறு பிரிவின் வரலாற்றை இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன். வணிக நடைமுறைச் சட்டம் என்னும் பெரிய சட்டத்தின் 52-ஆம் பிரிவு அது. வணிகத்தில் ஈடுபடும் நிறுவனம் எதுவும் மக்களைத் தவறான எண்ணத்திற்கு உள்ளாக்கும் வகையிலோ, ஏமாற்றும் வகையிலோ நடந்துகொள்ளலாகாது என்பதே அதன் பொருள். ஆங்கில மூலத்தில் அஃது ஒரே ஒரு வாக்கியம். மனப்பாடம் செய்ய அரை நிமிடம்கூட வேண்டா.

அப்பிரிவு இடம்பெற்றிருந்த பகுதிக்கு 'நுகர்வோர் பாதுகாப்பு' என்று பெயர். அதாவது, கடைக்குச் சென்று பொருள் வாங்கும் உங்களையும் என்னையும் போன்றவர்களைக் காப்பதற்காக எழுதப்பெற்றது. எனினும் அதனைக் கையிலேந்தி நீதிமன்றப் படியேறியவர் யார் என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும். ஏமாந்த வாடிக்கையாளர் பெரும்பாலும் வரவில்லை. ஒரு வணிகருக்கு எதிராக மற்றொரு வணிகர் வந்தார். நாற்காலி செய்பவர் மீது நாற்காலி செய்பவரும், உணவகத்தார் மீது உணவகத்தாரும் வழக்குத் தொடுத்தனர். வாங்குவோருக்காகச் செய்த வாளை விற்போர் எடுத்துச் சுழற்றியது எங்ஙனம்? அது நன்மையா, தீமையா? இவ்விரண்டு வினாக்களே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இங்கிலாந்துக்குச் செல்வோம். ஆஸ்திரேலியரின் சட்ட மரபு அங்கிருந்து வந்ததாகும். ஒருவன் தன் சரக்கை இன்னொருவனுடைய சரக்கு என்று நம்பும்படி காட்டி விற்கக் கூடாது என்பது ஆங்கில நீதிமன்றங்கள் நெடுநாள் போற்றிய விதி. 1842-இல் லண்டனில் தலைமயிர்த் தைலம் பற்றி எழுந்த பெர்ரி–டுரூஃபிட் வழக்கில் அவ்விதி தெளிவாகச் சொல்லப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், வழக்குத் தொடுத்தவர் தாமும் தம் தைலத்தைப் பற்றி விளம்பரத்தில் பொய் கூறியிருந்தார். அதனால் அவர் கேட்ட தடையாணை கிடைக்கவில்லை!

1896-இல் பிரபுக்கள் சபை தீர்த்த ரெட்டவே–பேன்ஹாம் வழக்கு இன்னும் நுட்பமானது. ரெட்டவே என்பவர் எந்திரங்களைச் சுழற்றும் பட்டைகளைச் செய்து, 'ஒட்டக மயிர்ப் பட்டை' என்ற பெயரால் விற்றுப் புகழ் பெற்றார். அவரிடம் பணியாற்றி விலகிய பேன்ஹாம் தாமும் அதே பெயரில் பட்டை விற்கத் தொடங்கினார். பேன்ஹாமின் பட்டையும் மெய்யாகவே ஒட்டக மயிரால் ஆனதுதான். அப்படியானால் அவர் சொன்னது பொய்யா? சொல் மெய், ஆனால் அச்சொல்லைக் கேட்ட வாடிக்கையாளர் மனத்தில், இது ரெட்டவேயின் சரக்கு என்ற பொய்யான எண்ணம் எழுந்தது. ஆகவே ரெட்டவே வென்றார். மெய்யான சொற்களாலும் பொய்யான எண்ணத்தை விதைக்கலாம் என்னும் கருத்தை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். பின்னர் வரும் வழக்குகளுக்கெல்லாம் அதுவே வித்து.

ஆனால் ஒன்று கவனியுங்கள். இந்த ஆங்கில விதியில் காக்கப்படுவது ரெட்டவேயின் நற்பெயர். வாங்கியவர் ஏமாந்தார் என்பது அந்நற்பெயருக்கு நேர்ந்த ஊறுக்குச் சான்று, அவ்வளவே. வாங்கியவருக்கு அங்கே சாட்சிக் கூண்டில் இடமுண்டு. வழக்காளியின் நாற்காலியில் இடமில்லை.

அமெரிக்காவில் நிகழ்ந்தது இன்னும் கூர்மையான பாடம். அங்கு 1914-இல் கூட்டாட்சி வணிக ஆணையம் நிறுவப்பட்டது. நேர்மையற்ற போட்டி முறைகளைத் தடுப்பது அதன் கடமை. ராலடாம் என்னும் கம்பெனி, உடல் இளைக்க 'மர்மோலா' என்றொரு மருந்தை விற்றது. அதில் விலங்குகளின் தைராய்டுச் சுரப்பியை உலர்த்திச் சேர்த்திருந்தார்கள். மருத்துவரின் மேற்பார்வையின்றி அதை உண்பது ஆபத்து. ஆயினும் விளம்பரம் அதனைத் தீங்கற்றது என்று கூறிற்று. ஆணையம் தடை விதித்தது. 1931-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கிவிட்டது. ஏன் தெரியுமா? மக்கள் ஏமாந்திருக்கலாம், ஆனால் போட்டி வணிகர் எவருக்கேனும் நட்டம் ஏற்பட்டதாக மெய்ப்பிக்கப்படவில்லையே என்பது காரணம்! விலை கொடுத்து வாங்கி உடல் நலத்தைக் கெடுத்துக்கொள்பவர் கணக்கில் வரவில்லை. பக்கத்துக் கடைக்காரரின் வருமானமே கணக்கில் வந்தது. நீதிபதிகளைக் குறை கூறிப் பயனில்லை. சட்டத்தின் சொல் 'போட்டி' என்றுதான் இருந்தது. 1938-இல் அமெரிக்கக் காங்கிரஸ் வீலர்–லீ சட்டத்தின் வாயிலாக அக்குறையைப் போக்கி, ஏமாற்றும் செயல்களையும் வழக்கங்களையும் நேராகவே தடை செய்தது.

அவ்வாறு திருத்தப்பட்ட அமெரிக்கச் சட்டமே ஆஸ்திரேலியாவின் 52-ஆம் பிரிவுக்கு முன்மாதிரியாயிற்று. அது ஆஸ்திரேலியா வந்து சேரவும் ஒரு தடை நீங்க வேண்டியிருந்தது. 1901-இல் பிறந்த அந்நாட்டு அரசியல் சட்டம், வணிக நிறுவனங்களைப் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை மைய அரசாங்கத்துக்கு அளித்திருந்தது. ஆனால் 1909-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் (அங்கே அதுவே தலைமை நீதிமன்றம், நம் நாட்டுப் பெயர் வழக்கால் குழம்பாதீர்கள்) அந்த அதிகாரத்தை மிகவும் சுருக்கிப் பொருள் கொண்டுவிட்டது. 62 ஆண்டுகள் கழித்து, 1971-இல், கான்கிரீட் குழாய் செய்யும் ரோக்லா கம்பெனியின் வழக்கில் அதே நீதிமன்றம் பழைய தீர்ப்பைக் கைவிட்டது. கதவு திறந்தது. 1972 டிசம்பரில் ஆட்சிக்கு வந்த விட்லம் அமைச்சரவையில் அட்டர்னி ஜெனரலாக இருந்த லயனல் மர்ஃபி புதிய சட்டத்தைக் கொண்டுவந்தார். 1974 அக்டோபர் 1-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

சட்டம் எழுதியவர்கள் அமெரிக்கரிடமிருந்து ஓரிடத்தில் விலகினார்கள். அமெரிக்காவில் அந்தப் பிரிவின்கீழ் நடவடிக்கை எடுக்க ஆணையத்துக்கு மட்டுமே உரிமை. ஆஸ்திரேலியச் சட்டத்தின் 80-ஆம் பிரிவோ, தடையாணை கேட்கும் உரிமையை அமைச்சருக்கும், ஆணையத்துக்கும், அவர்களோடு 'வேறு எவருக்கும்' வழங்கியது. இந்த இரண்டு சொற்களின் வழியாகத்தான் போட்டி வணிகர் உள்ளே நுழைந்தார். தமக்கு நட்டம் நேர்ந்ததாகக்கூட அவர் காட்ட வேண்டுவதில்லை. நட்ட ஈடு கேட்டால்தான் நட்டத்தைக் காட்ட வேண்டும். எதிரி வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று மெய்ப்பிக்கவும் தேவையில்லை. நல்லெண்ணத்தோடு செய்த செயலும் மக்களை மயக்குமாயின் அது பிரிவை மீறியதாகும். 1977-இல் பிரிவைத் திருத்தி, ஏமாற்றக்கூடிய வாய்ப்புள்ள நடத்தையையும் சேர்த்தார்கள். வழக்கறிஞர்கள் இத்தகைய வசதியை விட்டுவைப்பார்களா?

முதற்பெரும் வழக்கு 1978-இல் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. சிட்னி நகரில் 'சிட்னி கட்டடத் தகவல் நிலையம்' என்றொரு நிறுவனம் இருந்தது. வீடு கட்டுவோர் அங்கே சென்று, செங்கல் முதல் கதவுப் பிடி வரை காட்சிக்கு வைத்திருப்பதைப் பார்த்து, விவரம் கேட்டுத் திரும்புவர். நகரின் வடபுறத்தில் ஹார்ன்ஸ்பி என்னும் பகுதி உண்டு. அங்கே வேறு சிலர் 'ஹார்ன்ஸ்பி கட்டடத் தகவல் நிலையம்' என்று ஒன்றைத் தொடங்கினர். பழைய நிலையத்தார் கொதித்தெழுந்தனர். 'இதனை எங்கள் கிளை என்று மக்கள் எண்ணுவார்களே' என்பது அவர்தம் முறையீடு.

இரண்டு வினாக்கள் எழுந்தன. நுகர்வோர் பாதுகாப்புக்கான பிரிவைப் போட்டியாளர் பயன்படுத்தலாமா? ஆம், 'வேறு எவரும்' என்றால் வேறு எவரும்தான் என்றது நீதிமன்றம். ஆனால் அவர் எந்த நிலையில் அங்கே நிற்கிறார்? இதற்குத் தலைமை நீதிபதி பார்விக் தந்த விடை நம் வரலாற்றின் நடுப்புள்ளி. பிரிவு காப்பது பொதுமக்களையே. போட்டியாளரின் நற்பெயரை அன்று. மக்கள் ஏமாறாதபடி தடுக்கும்போது அவருக்கும் நன்மை விளையலாம், அவ்வளவே. (இதே பார்விக்தான் நீதிபதியாகுமுன், அமைச்சராயிருந்து, வணிக நடைமுறைகளை ஒழுங்கு செய்யும் சட்டம் வேண்டுமென்று 1960-களின் தொடக்கத்தில் முயன்றவர்.) சுருங்கச் சொன்னால், வணிகர் தம் சினத்தோடு வரலாம்; ஆனால் வாங்குவோரின் வழக்கறிஞராகத்தான் பேச முடியும்.

இரண்டாவது வினா, ஹார்ன்ஸ்பிக்காரர் ஏமாற்றினாரா என்பது. இல்லை என்று தீர்ப்பாயிற்று. 'கட்டடத் தகவல் நிலையம்' என்பது தொழிலை விவரிக்கும் சொல். எல்லோருக்கும் பொதுவான சொல்லைப் பெயராக வைத்துக்கொண்டவர், அதே தொழில் செய்யும் பிறரும் அச்சொல்லைப் பயன்படுத்துவதைப் பொறுத்துக்கொள்ளல் வேண்டும். சிலர் குழம்பலாம், குழப்பம் வேறு, ஏமாற்றம் வேறு என்பது நீதிபதி ஸ்டீபன் முதலியோரின் கருத்து. ஒட்டக மயிர் வழக்கை நினைவில் வைத்திருப்போர் இங்கே என்னை மடக்கலாம். ரெட்டவேயின் பெயரும் விவரிக்கும் சொல்தானே? மெய்தான். ஆனால் அங்கே அச்சொல் நாளடைவில் தன் பொருளை இழந்து, ரெட்டவே ஒருவரையே குறிக்கும் பெயராகிவிட்டதென்பது மெய்ப்பிக்கப்பட்டது. சிட்னி நிலையத்தாரால் அதைக் காட்ட இயலவில்லை.

அடுத்த வழக்கு 1982-இல் தீர்ந்தது. பக்சு என்னும் கம்பெனி தோல் மெத்தையிட்ட சாய்விருக்கைகளைச் செய்தது. பார்க்டேல் என்னும் கம்பெனி ஏறக்குறைய அதே தோற்றமுடைய இருக்கைகளைச் செய்து விற்றது. அருகருகே வைத்தால் வேற்றுமை காண்பது அரிது. ஆயினும் பார்க்டேல் தன் பெயர் பொறித்த லேபிளைத் தன் இருக்கைகளில் இணைத்திருந்தது. கீழ்நிலை மேல்முறையீட்டில் பக்சு வென்றது; உயர் நீதிமன்றத்தில் தோற்றது.

நீதிமன்றம் கேட்ட கேள்வி இது: ஏமாறுவதாகச் சொல்லப்படும் அந்த மனிதர் யார்? பெரும் பொருள் செலவிட்டு இருக்கை வாங்குகிறவர், யார் செய்தது என்பதில் அக்கறை கொண்டவராயின், லேபிளைப் பார்க்கமாட்டாரா? தம் நலனில் சிறிதேனும் கருத்துடைய மனிதரையே சட்டம் மனத்தில் கொள்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வாங்குபவரை அன்று. உரியவாறு பெயரிட்டு விற்கப்படும் பொருள், தோற்றத்தில் மற்றொன்றை ஒத்திருந்தாலும், பொதுவாக 52-ஆம் பிரிவை மீறியதாகாது என்றார் தலைமை நீதிபதி கிப்ஸ்.

நீண்ட காலம் கரும்பலகை முன் நின்றவன் நான். இந்த இடம் எனக்கு மிகவும் அறிமுகமான இடம். வகுப்பில் 40 பிள்ளைகள் அமர்ந்திருப்பர். பாடத்தை எவரை நோக்கி நடத்துவது? முதல் வரிசையில் வாயைத் திறக்குமுன் விடை சொல்பவனை நோக்கியா? சன்னல் வழியே காக்கையை எண்ணிக்கொண்டிருப்பவனை நோக்கியா? ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு இதைப் பற்றி நிறையச் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் வகுப்புக்குள் நுழையும்போது புதிதாகத்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அந்நாட்டு நீதிபதிகளுக்கும் அதே திண்டாட்டம் நேர்ந்ததை அடுத்த வழக்கில் காணலாம்.

அதே 1982-ஆம் ஆண்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு ஓர் உணவக வழக்கைத் தீர்த்தது. மெக்சிக்கோ நாட்டு முறையில் சோள அடையை மடித்து, உள்ளே இறைச்சி முதலியன வைத்து உண்பதற்கு டாக்கோ என்று பெயர். சிட்னியின் பாண்டைப் பகுதியில் 1970-களில் ஒருவர் 'டாக்கோ பெல்ஸ் காசா' என்ற பெயரால் ஓர் உணவகம் நடத்தி வந்தார். அமெரிக்காவில் கிளென் பெல் என்பவர் 1962-இல் தொடங்கிய 'டாக்கோ பெல்' அதற்குள் பெரும் உணவகத் தொடராக வளர்ந்திருந்தது. 1981-இல் அந்த அமெரிக்கத் தொடர் சிட்னியில் கடை திறந்தது. உள்ளூர்க்காரர் வழக்குத் தொடுத்தார். அமெரிக்கர் எதிர்வழக்குத் தொடுத்தனர். உலகறிந்த பெயர் எங்களுடையது, ஏமாற்றுபவர் உள்ளூர்க்காரரே என்பது அவர்கள் வாதம்.

உலகறிந்ததா என்பது கேள்வியன்று. சிட்னியில் அந்த உணவை உண்பவர் அறிந்தது எது என்பதே கேள்வி. அவர்கள் அறிந்தது பாண்டைக் கடை. ஆகவே பெரிய கம்பெனி தோற்றது, சிறிய கடை வென்றது. தீர்ப்பெழுதிய நீதிபதிகள் டீனும் ஃபிட்ஸ்ஜெரால்டும், இத்தகைய வழக்கை ஆராயும் முறையையும் வகுத்துத் தந்தனர். மக்களில் எந்தப் பிரிவினரை நோக்கி அந்நடத்தை அமைந்தது என்று முதலில் காண்க. அப்பிரிவில் கூரிய அறிவினரும் உண்டு, எளிதில் நம்புவோரும் உண்டு, படித்தவரும் உண்டு, படிக்காதவரும் உண்டு, எல்லோரையும் கருதுக. ஒருவர் வந்து 'நான் ஏமாந்தேன்' என்று சாட்சி சொன்னால் மட்டும் போதாது. அவர் ஏன் ஏமாந்தார்? எதிரியின் நடத்தையாலா, தம் சொந்தக் கற்பனையாலா? இக்கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது.

ஆனால் பக்சு வழக்கில் கேட்ட குரலும் இங்கே கேட்ட குரலும் ஒன்றல்ல என்பதைக் கூர்ந்து கேட்டவர் உணர்ந்திருப்பீர்கள். ஒன்று தம் நலனில் கருத்துடையவரை நினைக்கிறது. மற்றொன்று எளிதில் நம்புவோரையும் சேர்த்து நினைக்கிறது. இரண்டையும் இணைத்தது 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. விளையாட்டுக் காலணிகளுக்குப் பெயர் பெற்ற அமெரிக்க நைக்கி கம்பெனிக்கும், காம்போமார் என்னும் ஸ்பானியக் கம்பெனிக்கும் நடந்த வழக்கு அது. ஸ்பானியக் கம்பெனி, வாசனைப் பொருள்களுக்கு 'நைக்கி' என்ற குறியை ஆஸ்திரேலியாவில் முறைப்படி பதிவு செய்திருந்தது. ஆனால் 'நைக்கி ஸ்போர்ட்' என்று பெயரிட்ட அதன் வாசனைத் திரவியம், மருந்துக் கடைகளில் அடிடாஸ் முதலிய விளையாட்டு நிறுவனங்களின் வாசனைப் பொருள்களோடு சேர்த்து வைக்கப்பட்டது. காண்பவர் இதுவும் காலணிக் கம்பெனியின் பொருள் என்று எண்ணுவது இயல்புதானே? பொதுமக்கள் அனைவரையும் நோக்கிய நடத்தையாயின், அவர்களுள் இயல்பான, நியாயமான ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு, அவர் மனத்தில் என்ன எண்ணம் எழும் என்று பார்க்க வேண்டும்; விபரீதமான எண்ணங்களைத் தள்ளிவிடலாம் என்றது உயர் நீதிமன்றம். குறியின் பதிவு நீக்கப்படவில்லை. ஆனால் அந்த வாசனைத் திரவியத்தை அவ்வாறு விற்பது 52-ஆம் பிரிவுக்கு மாறானது என்ற முடிவு நிலைத்தது.

இனி நான் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருகிறேன். போட்டியாளர் கையில் இவ்வாயுதம் இருப்பது நன்மையா?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் நன்மையே. ஓர் உணவகத்தின் பெயரால் மயங்கி ஒரு வேளை உணவை மாற்றி உண்டுவிட்டவர், அதற்காக வழக்கறிஞரைத் தேடிப் போவாரா? முணுமுணுத்துவிட்டு வீடு செல்வார். அவரைப் போல் பல்லாயிரவர் இருப்பர், எவரும் வரமாட்டார். போட்டி வணிகரோ தொழிலின் நுட்பம் அறிந்தவர். எதிரியின் விளம்பரத்தை வரி விடாமல் படிப்பவர். செலவு செய்யவும் வல்லவர். எல்லாக் கடைகளையும் அரசாங்க ஆணையம் ஒன்றே கண்காணிப்பது இயலாத காரியம். நம் நாட்டில் 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, முறையிடும் உரிமை நுகர்வோருக்கும், அவர்தம் சங்கங்களுக்கும், அரசாங்கத்துக்கும் அளிக்கப்பட்டது; போட்டி வணிகர் அந்த வாயில் வழியே வர இயலாது. இரு நாடுகளின் வழியையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சட்டம் பயிலும் மாணவர் எவரேனும் முன்வந்தால் மகிழ்வேன்.

பெரும்பாலும் என்றேன், முழுவதும் என்னவில்லை. புதிதாகக் கடை திறக்கும் எளியவரை மிரட்டிப் பணிய வைக்கவும் பழைய பெரிய கம்பெனி இப்பிரிவைப் பயன்படுத்த முயலும். புதியவர் வராவிட்டால் விலை குறையாது. அதன் சுமையும் வாங்குவோர் தலையில்தான் விழும். அதனாலேயே பக்சு வழக்கின் முடிவு எனக்கு நியாயமாகப் படுகிறது. நல்ல வடிவமொன்றைப் பலரும் செய்து விற்பதால் மக்களுக்கு இழப்பில்லை, செய்தவர் பெயர் தெளிவாக இருக்குமானால். 1984-இல் மூர்கேட் என்னும் கம்பெனி தொடுத்த, சிகரெட்டுக் குறி பற்றிய வழக்கில், நேர்மையற்ற போட்டி என்ற பொதுக் காரணத்தைச் சொல்லி ஒருவர் மீது வழக்குத் தொடுக்க ஆஸ்திரேலியச் சட்டத்தில் இடமில்லை என்று உயர் நீதிமன்றம் உரைத்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 'அவன் என் வாடிக்கையைக் கொண்டுபோனான்' என்ற முறையீடு செல்லாது. 'அவன் மக்களை மயக்கினான்' என்ற முறையீடே செல்லும்.

2011 ஜனவரி 1-ஆம் நாள் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது 52-ஆம் பிரிவு மறைந்தது. அதன் வாசகம் புதிய சட்டத்தின் 18-ஆம் பிரிவாயிற்று. நிறுவனம் என்றிருந்த இடத்தில் 'எவரும்' என்ற சொல் வந்தது. பழைய தீர்ப்புகள் புதிய எண்ணுக்கும் பொருந்துகின்றன.

பழைய எண்ணின் கடைசி ஆண்டுகளில் ஒரு மிட்டாய் வழக்கு நடந்தது. கேட்பரி என்னும் பெரிய சாக்கலேட்டுக் கம்பெனி, ஊதா நிறம் என்றாலே மக்கள் தன்னைத்தான் நினைப்பார்கள் என்று கூறி, ஊதா நிறத்தைப் பயன்படுத்திய டேரல் லீ என்னும் சிட்னிக் கம்பெனியைத் தடுக்கக் கோரிற்று. 2006-இல் தோற்றது, மேல்முறையீட்டில் மறு விசாரணை பெற்றது, 2008-இல் மீண்டும் தோற்றது. டேரல் லீ தன் பெயரைத் தெளிவாகக் காட்டித் தன் கடைகளிலேயே பெரும்பாலும் விற்று வந்தது. அங்கே சென்று வாங்குபவர் அதைக் கேட்பரியின் கடை என்று எண்ணுவாரா என்பதே நீதிமன்றத்தின் கேள்வி. கேட்பரி மறுபடியும் மேல்முறையீடு செய்தது. 2009-இல் அதுவும் தள்ளுபடியாயிற்று. டேரல் லீ ஊதா நிறத்தைத் தொடர்ந்து பயன்படுத்தத் தடை ஏதும் விதிக்கப்படவில்லை.